முதுமையடைந்த செல்லப்பிராணிகள்: பராமரிப்பு, பிரிவு, புதிய வரவு

சில ஆண்டுகளுக்கு முன், எமது அயலில் வசிக்கும் தாயார் ஒருவர், மிருக வைத்திய நிலையம் கொடுத்த படிவமொன்றை வாசித்து விளக்குமாறு என்னை அழைத்தார். அவருடைய பூனைக்கு அப்போது 16 வயது, சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. ‘புட் டு ஸ்லீப்’ என்று வைத்தியர் கூறியதை, சத்திரசிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுப்பது என்றே அவர் விளங்கியிருந்தார். பின்னேரம் பூனை வீடு திரும்பும் என்று மீனும் அவித்து வைத்திருந்தார். படிவம் கேட்டதோ, பூனையின் உயிரை வலியின்றி முடிப்பதற்கான சம்மதம்.

“அப்ப அது திரும்பி வராதோ, தம்பி?” என்று மட்டும் கேட்டார். ஒரு நாள் அவகாசம் பெற்றோம்; வைத்தியர் வலிநிவாரணி கொடுத்தார். மறுநாள் அவர் அனைத்தும் அறிந்து கையொப்பமிட்டார். இறுதிவரை பூனையின் தலையில் கைவைத்தபடி அருகில் இருந்தார். அறியாமல் இடும் கையொப்பம் எவருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இப்பக்கம் எழுதப்படுகிறது.

முதுமையை அறிதல்

நாய்கள் ஏறத்தாழ 7 அல்லது 8 வயதிலும், பெரிய இன நாய்கள் அதற்கு முன்னரும், பூனைகள் 11 வயதளவிலும் முதுமையை எட்டுகின்றன. பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. வழக்கமாகப் பாய்ந்து ஏறும் கதிரையில் ஏறாதிருத்தல், மிகுதியாக நீர் அருந்துதல், எடை குறைதல் ஆகியவற்றை ‘வயது போய்விட்டது’ என்று விட்டுவிடலாகாது. மூட்டு நோய், சிறுநீரக நோய், தைராய்டுக் கோளாறு ஆகியவற்றின் துன்பத்தை உரிய சிகிச்சையால் பெரிதும் குறைக்கலாம்.

மனிதருக்குரிய மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். இபுபுரூபன் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சாகும். வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த குழம்பைச் சோற்றுடன் குழைத்து வைப்பதும் தீங்கானது.

சட்டம் கூறுவது

இங்கிலாந்தில் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி, வலி, நோய் என்பவற்றிலிருந்து பிராணியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது அதற்குப் பொறுப்பானவரின் கடமை. செய்யும் செயலால் மட்டுமன்றி, செய்யத் தவறுவதாலும் தேவையற்ற துன்பம் விளைவிப்பது குற்றமாகலாம். தகுந்த, இரக்கமான முறையில் உயிரை முடிப்பதை இக்கடமை தடுக்கவில்லை.

எம்மவர் பலர் அதனைப் பாவமெனக் கருதுகின்றனர். ‘கருணைக்கொலை’ என்ற எமது சொல்லிலேயே ‘கொலை’ இருக்கிறது. அம்மனத்தடை மதிக்கத்தக்கது. ஆயினும், உயிரை எடுக்க மனம் ஒப்பாதவருக்கும் வலியைத் தணிக்கும் கடமை நீங்குவதில்லை. ஆகவே கையொப்பமிடுமுன் வைத்தியரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இப்பிராணிக்கு இப்போது வலி உண்டா? மருந்தால் அவ்வலியைத் தணிக்க இயலுமா? இந்தச் சிகிச்சைக்குப் பின் அது உயிருடன் இருக்குமா? மூன்றாவது வினாவைக் கேட்க ஒருபோதும் தயங்காதீர்கள். விளங்காதவிடத்து மொழிபெயர்ப்பு உதவியைக் கோருங்கள்.

வழக்கமாக, மிகையளவு மயக்க மருந்தே ஊசிமூலம் ஏற்றப்படுகிறது. பிராணி சில கணங்களில் நினைவிழக்கும். கண்கள் திறந்தே இருக்கலாம், தசைகள் துடிக்கலாம். அது வலியின் அறிகுறியன்று.

பிரிவுக்குப் பின்

பிராணி வாழ்ந்த வீடு உங்களுக்குச் சொந்தமாயின், அதன் தோட்டத்தில் அடக்கம் செய்யலாம். வாடகை வீடாயின் உரிமையாளரின் அனுமதி வேண்டும். தகனம் செய்ய விரும்பினால், தனித் தகனமா, கூட்டுத் தகனமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். சாம்பலைப் பெற விரும்புவோர் தனித் தகனத்தையே தெரிவு செய்தல் வேண்டும். மைக்ரோசிப் பதிவு நிறுவனத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.

சிறுவரிடம் ‘தூங்குகிறது’ என்று கூறாதீர்கள். அவர்கள் தம் உறக்கத்துக்கே அஞ்சக்கூடும். ‘இறந்துவிட்டது, இனி வராது’ என்று அன்புடன் சொல்லுங்கள். பெரியவர்களின் துயரமும் இலேசானதன்று. தனித்து வாழும் முதியவருக்கு அப்பிராணியே நாள்தோறும் பேசும் துணையாக இருந்திருக்கலாம். புளூ குறொஸ் தொண்டு நிறுவனம், பிராணியை இழந்தோருக்கு இலவச ஆறுதல் சேவை வழங்குகிறது.

புதிய வரவு

துயரத்தை மறக்கச் செய்வதற்காக உடனே மற்றொன்றை வாங்கிக் கொடுப்பது எப்போதும் உதவாது. உரியவர் தாமே கேட்கும்வரை காத்திருங்கள். முதியோருக்கு, குட்டியைவிட வளர்ந்த பிராணியே பெரும்பாலும் பொருத்தமானது.

6 மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ வணிக இடைத்தரகர் விற்பது இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பிறந்த இடத்தில், தாயுடன் குட்டியைப் பார்த்தே வாங்குங்கள். அல்லது மீட்பு நிலையத்தை நாடுங்கள். நாய்களுக்கு 8 வாரத்துக்குள்ளும், பூனைகளுக்கு 20 வாரத்துக்குள்ளும் மைக்ரோசிப் பொருத்தப்படல் வேண்டும். அறிவித்தலுக்குப் பின்னும் தவறினால் 500 பவுண் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

மேலே குறிப்பிட்ட தாயார் இரண்டு ஆண்டுகள் கழித்து, மீட்பு நிலையத்திலிருந்து 9 வயதுப் பூனையொன்றை ஏற்றார். அதற்கான படிவத்தை வாசிக்கவும் என்னை அழைத்தார். ஒவ்வொரு வரியாகக் கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுத்தார்.