மூழ்கிய கப்பலுக்குள் தட்டுவது யார்?

'எங்கிருந்து வந்தது?' கேள்வி-பதில் பகுதி

என் மைத்துனர் மட்டக்களப்புப் பக்கம் ஸ்கூபா டைவிங் போய், இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஒரு கப்பலைப் பார்த்துவிட்டு வந்தார். "கப்பலுக்குள் ஏதோ பொரிந்துகொண்டே இருந்தது, நடுநடுவே யாரோ இரும்பைத் தட்டினார்கள்" என்கிறார். கதை விடுகிற ஆள் இல்லை. அந்தச் சத்தங்கள் எங்கிருந்து வருகின்றன?
— வாசகர், சேலையூர்

மைத்துனரை நம்பலாம். அவருக்குச் சத்தம் கேட்டது உண்மை. அது கப்பலுக்குள்ளிருந்து ஆள் யாரோ எழுப்பியது என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

முதலில் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மீஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. அதில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். துணைக்குப் போன ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'வாம்பயர்', 'ஹாலிஹாக்' என்ற சிறு காவல் கப்பல், 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்', 'அதெல்ஸ்டேன்' என்ற எண்ணெய்க் கப்பல்கள் எல்லாமே அன்றைக்கே போயின. ஹெர்மீஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குக்கு முக்குளிப்பவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. ஆகவே மைத்துனர் பார்த்தது பெரும்பாலும் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்டாகத்தான் இருக்கும். ஹெர்மீஸ் என்று அவர் சொல்லியிருந்தால் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பொரியும் சத்தம், எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி, விடாமல் கேட்டிருக்கும். அதைச் செய்வது சொடுக்கு இறால் என்ற விரல் நீளப் பிராணி. அதன் இரண்டு கொடுக்குகளில் ஒன்று மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். அதைத் திறந்து வைத்துப் படாரென்று மூடும். கொடுக்கின் இரு பக்கமும் மோதிக்கொள்வதால் சத்தம் வருகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு நெதர்லாந்தில் டெட்லெஃப் லோசே குழுவினர் அதிவேக கேமராவில் படம் பிடித்தபோது வேறு கதை தெரிந்தது. கொடுக்கு மூடும்போது பீய்ச்சும் நீர் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அழுத்தம் குறைந்து, நீருக்குள் ஒரு குமிழி பிறக்கிறது. அடுத்த கணமே சுற்றியுள்ள நீர் அதை நசுக்குகிறது. குமிழி நசுங்கும் ஓசைதான் நம் காதில் விழும் 'டப்'. மறு ஆண்டு அதே குழு இன்னொன்றையும் கண்டது: நசுங்கும் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் 4,700 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒளி கூட மின்னுகிறது. சின்ன மீன்களை மயக்கிப் பிடிக்கவும் பக்கத்துப் பொந்துக்காரனை மிரட்டவும்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

இந்த இறாலுக்கு ஒளிய ஓர் இடுக்கு வேண்டும். மணலும் சேறுமாகப் பரந்து கிடக்கும் கடலடியில் இடுக்குக்கு எங்கே போகும்? கப்பல் ஒன்று விழுந்தால் துருத் துளை, சிப்பி ஒட்டிய தகடு, உடைந்த குழாய் என்று ஆயிரம் பொந்து கிடைத்துவிடுகிறது. அதனால்தான் வெறும் மணல் மேல் நீந்தும்போது லேசாக இருந்த பொரிச்சல், கப்பலை நெருங்க நெருங்கக் கூடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது எதிரி நீர்மூழ்கியைக் கேட்கக் கடலில் ஒலிவாங்கி போட்ட அமெரிக்கக் கடற்படையின் காதையே இது அடைத்தது. சத்தத்துக்குக் காரணம் இறால்தான் என்று சான் டியேகோவில் இருந்த போர்க்கால ஆய்வாளர்கள்தான் அடையாளம் கண்டு சொன்னார்கள்.

இரும்புத் தட்டலுக்கு ஒரே காரணம் கிடையாது. நான் முதலில் சந்தேகப்படுவது கூடவந்த டைவரைத்தான். நீருக்குள் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் முதுகிலிருக்கும் சிலிண்டரைக் கத்தியாலோ இரும்புத் துண்டாலோ தட்டுவதுதான் வழக்கம். அடுத்தது அலை. மேலே கடல் புரளும்போது தளர்ந்த தகடு கீழே ஆடி இடிக்கும். முக்குளிப்பவர் விட்ட மூச்சுக் காற்றும் ஒரு காரணம். அது கப்பலின் கூரைக்கடியில் தேங்கி, அவர் போன பிறகும் துருத் துளை வழியாகக் குபுகுபுவென்று வெளியேறிக்கொண்டிருக்கும். ஆளில்லாத அறையில் யாரோ மூச்சு விடுவதாகத் தோன்றுவது இதனால்தான். பெரிய களவா மீன் தன் இருப்பிடத்துக்குள் ஆள் வந்தால் காற்றுப்பையை அதிரவைத்து 'தும்' என்று மிரட்டும். அதைக் காதை விட நெஞ்சுக்கூடு நன்றாக உணரும். இலங்கையின் கிழக்குக் கரையில் இன்னொரு சத்தமும் உண்டு, கேட்டால் வயிற்றைக் கலக்கும். சட்டத்துக்குப் புறம்பாக டைனமைட் போட்டு மீன் பிடிக்கும் வெடிச் சத்தம்தான் அது.

அப்படியானால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நீருக்குள் ஏன் சொல்ல முடிவதில்லை?
— வாசகி, மேடவாக்கம்

வலப்பக்கச் சத்தம் வலது காதுக்கு ஒரு நொடியின் சிறு துளி முன்னதாகச் சேரும். அந்த இடைவெளியை வைத்துத்தான் மூளை திசை சொல்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். கடல் நீரில் 1,500 மீட்டர். நாலு மடங்குக்கு மேல் வேகம் கூடினால் இடைவெளி அதே அளவுக்குச் சுருங்கிவிடும். போதாததற்கு நீருக்குள் ஒலி காதுத் துளைக்காகக் காத்திருப்பதில்லை, மண்டையோடு வழியாக நேரே உள்ளே இறங்கிவிடுகிறது. இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில். உடனே மூளை கண்ணைத் துணைக்கு அழைக்கிறது. கண் முன்னால் இருப்பது ஓர் இருண்ட கப்பல். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

நீலாங்கரையிலோ புதுச்சேரியிலோ டைவிங் கற்க நினைக்கும் தாம்பரத்து இளைஞர்கள் கவனிக்க: மேலே வரும் விசைப்படகின் சத்தமும் இப்படித்தான் எல்லாப் பக்கமும் கேட்கும். எங்கே இருக்கிறது என்று காது சொல்லாது. ஏறும்போது அண்ணாந்து பார்த்து, கையை மேலே நீட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

கடலுக்குள் முதன்முதலில் காது வைத்துக் கேட்டது யார்?
— பள்ளி மாணவர், மாடம்பாக்கம்

எழுதி வைத்தவர்களில் லியனார்டோ டா வின்சி முந்தியவர். ஒரு குழாயின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் தூரத்துக் கப்பல் கேட்கும் என்று 1490 வாக்கில் குறித்து வைத்தார். 1826-இல் கொலாடோன், ஸ்டர்ம் என்ற இருவர் ஜெனீவா ஏரியில் ஒரு மணியை நீருக்குள் அடித்து, தொலைவில் கேட்டு, நீரில் ஒலியின் வேகத்தை அளந்தார்கள். 1912-இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. இரண்டே ஆண்டில் ஃபெஸ்ஸென்டன் என்பவர் ஒலியை அனுப்பி, பனிப்பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடித்துக் காட்டினார். சோனாரின் பிள்ளையார் சுழி அது.

ஆனால் எழுதி வைக்காதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தருகே 'பாடும் மீன்' கேட்கப் போகிறவர்கள் செய்வது டா வின்சி செய்ததைத்தான்: துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையில் காதை வைப்பார்கள். நிலா வெளிச்சத்தில் கேட்கப் போவதுதான் மரபு. 1848-இல் அங்கே போன ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இசை போன்ற மெல்லிய ஒலிகளைக் கேட்டதாக எழுதி, மீனை நம்பாமல், வாவியின் சிப்பி வகை உயிரி ஒன்றின் மேல் சந்தேகத்தைப் போட்டார். 1950-களில் மட்டக்களப்பு யேசு சபைப் பாதிரியார் லாங் அந்த ஒலியைப் பதிவு செய்ய, வானொலியிலும் ஒலிபரப்பானது. எந்த உயிரி பாடுகிறது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. எனக்குச் சிப்பியை விட மீன் மேல்தான் நம்பிக்கை. காற்றுப்பை உள்ள மீன்கள் ஒலி எழுப்புவது உலகம் முழுக்கக் கண்டறிந்த உண்மை. நம் காசிமேட்டில் கூடை கூடையாக வந்திறங்கும் கத்தாளையும் நீருக்குள் சத்தம் போடும் மீன்தான்.

உண்மையிலேயே மூழ்கிய கப்பலுக்குள்ளிருந்து மனிதர் யாராவது தட்டியது உண்டா?
— வாசகர், பள்ளிக்கரணை

உண்டு. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் குண்டடிபட்டு அமிழ்ந்த 'வெஸ்ட் வர்ஜீனியா' கப்பலுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே போக வழியில்லை. மறு ஆண்டு கப்பலைத் தூக்கியபோது ஓர் அறையில் மூன்று மாலுமிகளின் உடல்கள் இருந்தன. கூடவே டிசம்பர் 23 வரை நாள் அடித்து வைத்த காலண்டரும் கிடைத்தது. 2013 மே மாதம் நைஜீரியாவுக்கு அப்பால் கவிழ்ந்த 'ஜாஸ்கன்-4' இழுவைக் கப்பலில் சமையல்காரராக இருந்த ஹாரிசன் ஒகேனேவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 30 மீட்டர் ஆழத்தில், தேங்கிய காற்றில் சுமார் 60 மணி நேரம் உயிரோடு இருந்தார். உடல்களை எடுக்க இறங்கிய முக்குளிப்பாளருக்குக் கிடைத்தது உயிருள்ள ஒரு கை.

இந்த இரண்டு கதைகளும் ஊரறிந்தவை என்பதால் தட்டும் சத்தம் என்றாலே உலகம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. 2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் 'சான் ஹுவான்' நீர்மூழ்கி 44 பேருடன் காணாமல் போனது. சில நாள் கழித்துத் தேடல் கப்பல்களுக்குத் தட்டல் ஒலி கேட்டது. கரையில் காத்திருந்த குடும்பத்தினர் நம்பினார்கள். ஆராய்ந்து பார்த்தால் கடல் உயிரிகளின் சத்தம். உண்மையான ஒலி அதற்கு முன்பே, மூழ்கிய அன்றே வந்துவிட்டிருந்தது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அட்லான்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் போட்டு வைத்திருந்த ஒலிவாங்கிகளில் அது பதிவாகியிருந்தது. ஓராண்டு கழித்து, 900 மீட்டர் ஆழத்தில் சிதைவு கிடைத்தது.

2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன 'டைட்டன்' நீர்மூழ்கிக் கலத்தின் விஷயத்திலும் அச்சு மாறாமல் இதுவே நடந்தது. ஜூன் 18 அன்று கலம் நொறுங்கியதற்குப் பொருத்தமான ஒலியை அமெரிக்கக் கடற்படையின் கருவிகள் பிடித்திருந்தன. அதன் பிறகு கனடா விமானம் போட்ட மிதவைகளில் அரைமணிக்கு ஒருமுறை தட்டல் கேட்டதாகச் செய்தி வந்து, உலகமே ஆக்சிஜன் கணக்குப் போட்டது. 22-ஆம் தேதி சிதறல்கள் கிடைத்தன. தட்டியது யாருமில்லை. இதில் கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே ஆள் இருக்கலாம் என்னும்போது சந்தேகத்தின் பலனை ஒலிக்குத் தந்தே ஆக வேண்டும். நாள் முழுக்க அதையே ஓட்டிய தொலைக்காட்சிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

2016-இல் எங்கள் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிக் கடலில் மறைந்த விமானத்திலிருந்து ஏன் எந்தச் சத்தமும் வரவில்லை?
— வாசகர், கிழக்குத் தாம்பரம்

விமானங்களில் பொருத்தும் நீரடி ஒலிபரப்பி தண்ணீர் பட்டதும் நொடிக்கு ஒருமுறை துடிக்கும். அதன் அதிர்வெண் 37.5 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஆக, உடைந்து கிடப்பது தானாகக் 'கூப்பிடும்' ஒரே ஒலி, பக்கத்திலேயே நீந்தினாலும் முக்குளிப்பவருக்குக் கேட்காது. பழைய வகைக்கு ஆயுள் சுமார் 30 நாள். சில கிலோமீட்டருக்குள் வரும் கருவிக்குத்தான் கேட்கும். 2015 ஜூன் 8 இரவு சென்னைக்குத் திரும்பாமல் போன கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானத்துக்கு அது வேலை செய்தது. கடற்படை அந்த ஒலியைப் பிடித்தது. ஜூலையில் கடலூருக்கு அப்பால், ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்திலிருந்து அதன் பதிவுப் பெட்டியை எடுத்தார்கள்.

2016 ஜூலை 22 காலை 29 பேருடன் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏஎன்-32 விஷயத்தில் அப்படி எந்தக் குறிப்பொலியும் கிடைக்கவில்லை. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் தேடின. செப்டம்பரில் தேடல் நின்றது.

குறிப்பொலி கேட்காததால், நாமே ஒலி அனுப்பித் தேட வேண்டியதாயிற்று. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில் பள்ளிக்கரணையைக் கடக்கும்போது தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். நீரடி ஒலிவாங்கிகளைச் சோதிக்க அந்தச் சுற்றுச்சுவருக்குள் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியே இருக்கிறது. 6,000 மீட்டர் வரை ஆளில்லாமல் இறங்கும் அவர்களுடைய 'ஓஷன் மினரல் எக்ஸ்ப்ளோரர்' கலம் சோனாரால் கடலடியைத் தடவிக்கொண்டு போனபோது, சென்னைக் கரைக்கு அப்பால், 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகள் தெரிந்தன. படங்களை ஒப்பிட்டபோது அவை ஏஎன்-32-க்குப் பொருந்தின. அந்தப் பகுதியில் வேறு விமானம் விழுந்ததாகப் பதிவும் இல்லை. பாதுகாப்பு அமைச்சகம் இதை அறிவித்த நாள் 2024 ஜனவரி 12. தாம்பரத்தில் கிளம்பிய விமானத்தை, ஏழரை ஆண்டு கழித்து, பக்கத்துப் பள்ளிக்கரணைக்காரர்களின் கலம் கண்டுபிடித்தது.