கரிசற்காட்டில் பழைய டிராக்டர் சூடேறுதல்

1901-ஆம் வருஷத்தில் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட காலத்தில் கரிசற்காட்டு உழவு மாடுகளைக்கொண்டே நடைபெற்றது. இப்போது பெரும்பாலும் டிராக்டரே உழுகின்றது. நெடுநாள் உழைத்த வண்டிகள் கோடையுழவில் அடிக்கடி சூடேறி நின்றுவிடுவதுண்டு. உடனே யந்திரத்தைப் பிரித்துவிடுவது அவசரக் காரியம். செலவு ஒருபுறமிருக்க, வண்டி பட்டறையில் கிடக்கும்போது மழை இறங்கிவிட்டால் விதைப்புப் பட்டமும் தவறிப்போகும். கோளாறு பெரும்பாலும் வெளியிலேயே இருக்கும்.

முதலில் காற்றைக் கவனிக்கவேண்டும். கரிசற் புழுதியும் பருத்திப் பஞ்சும் சருகும் ரேடியேட்டரின் முன்முகத்தில் அப்பிக்கொள்கின்றன. அப்பால் காற்று உட்புகுவதற்கு வழியில்லை. இதைக் கண்டறிய எளிய உபாயம் ஒன்றுண்டு. கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் இப்பக்கமெல்லாம் பலமாக வீசும். மேற்கு நோக்கி உழும்போது உஷ்ணம் தணிந்தும், கிழக்கே திரும்பியதும் ஏறியும் வருமாயின் காற்றோட்டத்திலேயே குறை இருப்பதாகக் கொள்ளலாம். யந்திரம் ஆறியபின் விசிறியின் பக்கத்திலிருந்து முன்புறமாகத் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவவேண்டும். முன்னிருந்து பாய்ச்சினால் அழுக்கு மேலும் உள்ளே சென்று இறுகும். விசிறிப் பெல்ட்டு தளர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே விரலால் அழுத்திப் பார்த்துக்கொள்வது நலம்.

அடுத்தது தண்ணீர். இங்குள்ள கிணறுகள் பலவற்றில் உப்புநீரே ஊறுகிறது. அதையே வருஷக்கணக்காக ஊற்றிவந்தால், கொதிபானையின் அடியில் படிவதுபோல் உட்சுவர்களில் சுண்ணாம்புக் காரை படிந்து, சூடு தண்ணீருக்குச் செல்லாமல் தடுக்கும். மழைநீரைச் சேமித்து, துருத்தடுப்புத் திரவம் கலந்து ஊற்றுவதே சிலாக்கியமானது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அது கெட்டதா என்பதைச் சட்டியில் தண்ணீர் காய்ச்சி அறியலாம். தண்ணீர் கொதிக்குமுன் அது திறக்கவேண்டும். திறவாவிடில் புதிது மாற்றுக. அதன்றி யந்திரத்தை ஓட்டினால் குளிர்ந்த வேளையில் எரிபொருள் வீணாவதோடு தேய்மானமும் மிகும்.

இவையெல்லாம் செவ்வையாயிருந்தும், யந்திரம் ஓடுகையில் ரேடியேட்டர் நீரில் இடைவிடாது குமிழிகள் எழுமாயின், அல்லது எண்ணெய் பால்போல் வெளுத்திருக்குமாயின், தலைக் காஸ்கெட் பழுதாயிருக்கக்கூடும். இந்நிலையில்தான் மெக்கானிக்கை அழைக்கவேண்டும்.

சூடாயிருக்கும்போது மூடியைத் திறத்தல் கூடாது. நீராவி பீறிட்டு முகத்தையும் கண்களையும் வேகச்செய்துவிடும். தண்ணீர் வற்றிக் காய்ந்த யந்திரத்தில் குளிர்நீரை ஊற்றினால் இரும்பு வெடிப்பதும் உண்டு. வேப்பநிழலில் நிறுத்தி, தொட்டால் சுடாத அளவு ஆறியபின், துணியால் மூடியைப் பற்றிச் சிறிது சிறிதாகத் திருகுக.