பாதி லாரிக்கும் குறைந்த சரக்கை அனுப்பும் முறை

சரக்கு அனுப்ப இரண்டே வழிகள் உண்டென்று சங்க நிர்வாகிகள் பலர் கருதுகின்றனர். சில சிப்பங்களாயின் பார்சல் ஆபீஸ். மிகுதியாயின் முழு லாரி. ஆனால் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சரக்கே நம் சங்கங்களில் அடிக்கடி சேர்கிறது. அதற்கு ஏற்றது ‘பார்ட் லோடு’ எனப்படும் பங்குப் பாரமாகும்.

சென்னிமலையிலிருந்து மும்பைக்குப் படுக்கை விரிப்புகள் 40 பேல்கள், பேலுக்கு 60 கிலோவாக 2,400 கிலோ, அனுப்ப வேண்டுமென வைத்துக்கொள்வோம். ஒன்பது டன் லாரியைத் தனியே அமர்த்தினால், ஏறத்தாழ முக்கால் பாகம் வெற்றிடத்திற்கு வாடகை கொடுத்தவராவோம். பார்சலில் போட்டாலோ, சரக்கு வழியிலுள்ள கிட்டங்கிகளில் இறங்கி ஏறும். ஒவ்வோர் இறக்கத்திலும் கொக்கி குத்தும், சணல் உறை கிழியும். பங்குப் பாரத்தில் இரண்டு மூன்று பேருடைய சரக்கு ஒரே லாரியில் ஏறி, வழியில் வண்டி மாறாமல் போய்ச் சேரும். வாடகைச் சிக்கனத்தைக் காட்டிலும் இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன். லாரி நிரம்பும்வரை காத்திருக்க நேரிடும் என்பது உண்மையே. ஆகவே பண்டிகைக் கெடு நெருங்கிய சரக்கிற்கு இது உதவாது.

உடன் ஏறும் சரக்கு யாதென விசாரியாமல் ஒப்புக்கொள்ளலாகாது. மஞ்சள் மூட்டைக்கு அடியில் வெள்ளை வேட்டி போதல் தகாது. எண்ணெய் டின்களை அருகிலும் விடக்கூடாது. மஞ்சள் விளைவிப்போரும் ஈரச் சரக்கோடு தம் மூட்டைகளை ஏற்ற வேண்டா, பூசணம் பிடித்துவிடும்.

இனி, நஷ்டத்தின் பொறுப்பு. 2007 ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தையொட்டிய 2011 ஆம் ஆண்டு விதிகளின்படி, லாரிக்காரரின் பொறுப்பு பொதுவாக வாடகையைப் போல் பத்து மடங்கிற்கு மேற்படாது. சரக்கின் மதிப்பு ரூ. 7,00,000, வாடகை ரூ. 14,000 எனில், கிடைக்கக்கூடியது ரூ. 1,40,000 மட்டுமே. மிகுதிக்கு ஈடு வேண்டுமாயின், மதிப்பை அறிவித்துக் கூடுதல் பொறுப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். அல்லது தனியே இன்ஷூரன்ஸ் எடுத்தல் வேண்டும். வாடகையைப் பேரம் பேசிக் குறைக்கும்போது இந்த ஈட்டுத் தொகையும் உடன் குறைகிறதென்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான் தணிக்கைக்குச் சென்ற சங்கமொன்றில், நனைந்துபோன மூன்று பேல்களுக்காகக் காரியதரிசி ஏழு மாதம் வாய்ப்பேச்சிலேயே நடந்துகொண்டிருந்தார். சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்குத் தொடர முடியும். அந்தத் தொகை நெசவாளர்களின் போனஸில் கழிந்தது. நனைந்த பேலை வாங்குபவர், சரக்கு ரசீதில் அக்குறையை எழுதிய பின்னரே கையொப்பமிடல் வேண்டும். அதன் நகல் அன்றைய தினமே சங்கத்திற்கு வந்து சேர ஏற்பாடு செய்க.