ஒவ்வாமை உடையவர்களும் தடுப்பூசியும்

நெய்வேலி நகரியத்திற்குக் கிழக்கே, குறிஞ்சிப்பாடிப் பகுதியிலுள்ள நெசவாளர் சங்கமொன்றில் சென்ற மாதம் கணக்குத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். முதல் நாள் இரவு தெருநாய் கடித்ததாகவும், மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருப்பதாகவும் கூறினார். ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று வினவியதற்கு, "எனக்கு அலர்ஜி உடம்பு ஐயா, ஊசி ஏற்காது" என்றார். சாயத்தில் கை பட்டால் தோல் தடித்துக் கொப்புளிக்கும் என்பதே அதற்கு அவர் காட்டிய சான்று.

அலர்ஜி என்னும் ஒரே சொல்லுக்குள் பல வேறு சங்கதிகளை நாம் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். சாயம் பட்டுத் தோல் தடிப்பது ஒன்று. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயிகளுக்கு, கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுக் கை வெந்து உரிவது அதை ஒத்தது. இவை தோலோடு நிற்பவை, தடுப்பூசிக்குத் தடையல்ல. தூசியால் வரும் தும்மலும் அவ்வாறே. இழுப்பு நோய் உள்ளவரும் ஊசி போட்டுக்கொள்ளலாம். இழுப்பு கடுமையாக இருக்கும் நாளில் மட்டும், அவசரமில்லாத ஊசியைச் சற்றுத் தள்ளிப் போடுவது நலம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. தடுப்பூசிகளில் பெனிசிலின் சேர்ப்பதில்லை.

மெய்யாகவே கவனிக்க வேண்டியது வேறொன்று. முன்பு ஏதேனும் ஊசியோ, மருந்தோ, உணவோ உட்கொண்ட சில நிமிஷங்களுக்குள் உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு முட்டி, மயக்கம் வந்ததுண்டா? அதுவே கடும் ஒவ்வாமை. 1902-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் ரிஷேயும் போர்த்தியேவும் இதற்கு அனபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். ஒரு தடுப்பூசிக்கே அவ்வாறு நேர்ந்திருந்தால், அதே ஊசியை வைத்தியரின் ஆலோசனையின்றி மறுமுறை போட்டுக்கொள்ளலாகாது. வேறு பொருளால் நேர்ந்திருந்தால், அதன் பெயரை ஊசி போடுபவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைப்பதும் தவறு, சொல்ல அஞ்சி ஊசியையே தவிர்ப்பதும் தவறு. பெயர் தெரியாமல் "ஏதோ ஒரு மாத்திரை" என்றால் வைத்தியர் என்ன செய்வார்? சங்கத்தின் பாஸ் புத்தகத்தைப் பத்திரமாக வைக்கிற நாம், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி அதனுள் வைக்கலாம்.

இந்த ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை போடப்பட்ட சுமார் 2½ கோடி ஊசிகளை ஆராய்ந்ததில், 33 பேருக்கே இத்தகைய கடும் ஒவ்வாமை உறுதிப்பட்டது. அரிது என்பதால் இல்லை என்றாகிவிடாது. நம் நாட்டில் கொரோனா தடுப்பூசிக்குப் பின் 68 வயது முதியவர் ஒருவர் இதனால் இறந்ததை, 2021 ஜூனில் தேசியக் குழுவே ஒப்புக்கொண்டது. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வைப்பது இதற்காகத்தான். கூலி போகிறதென்று எழுந்து ஓடிவிடக் கூடாது. குரல் கம்மினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ உடனே நர்ஸம்மாவை அழைக்க வேண்டும். அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பலரும் நம்பும் அவில் அரிப்பைத் தணிக்குமேயன்றி, அட்ரினலினுக்கு ஈடாகாது. மறுநாள் வரும் காய்ச்சலும் கைவலியும் ஒவ்வாமையல்ல.

நாய்க்கடிக்கு வருவோம். பழைய தலைமுறையினரின் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 1907-இல் தோன்றிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நெடுங்காலம் ஆட்டு மூளையிலிருந்தே வெறிநாய்க்கடி மருந்து தயாராயிற்று. வயிற்றைச் சுற்றி 14 ஊசிகள் என்ற பேச்சு அக்காலத்தது. மருந்தில் கலந்திருந்த மூளைத் திசுவை உடம்பு எதிர்க்கப் புகுந்து, தன் நரம்பையே தாக்கிக்கொண்டதால் சிலருக்கு வாதம் கண்டதும் உண்மை. ஆனால் 2004-ஆம் ஆண்டோடு அம்மருந்து இந்தியாவில் ஒழிந்தது. இன்றைய மருந்து, செல்களில் வைரஸை வளர்த்துச் செயலிழக்கச் செய்து எடுப்பது; கையில் போடப்படுவது. வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே கடிபட்டவருக்கு எந்த ஒவ்வாமையும் இவ்வூசியை மறுக்கக் காரணமாகாது. கடும் ஒவ்வாமை உடையவர் ஆஸ்பத்திரியில் தக்க ஏற்பாட்டோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆழமான கடிக்கு ஊசியோடு போடும் சீரம் குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதுண்டு. பாம்புக்கடி மருந்தும் அவ்விதமே. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவது ஒரு கூட்டுறவுச் சங்கம் என்பதில் நமக்குப் பெருமையுண்டு: 1978-இல் தொடங்கிய, வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம். குதிரைச் சீரத்தில் ஒவ்வாமை தடுப்பூசியைவிட மிகுதி. வைத்தியர்கள் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைச் செலுத்துகிறார்கள்.

நம் அங்கத்தினரின் காலைச் சங்கத்துக் குழாயடியிலேயே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவச் செய்து, செயலாளரின் சைக்கிளில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பினோம். சாய ஒவ்வாமையை அங்கே சொன்னார். குறித்துக்கொண்டு ஊசி போட்டார்கள். முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள் தவணைகள் முடிந்தன. 28-ஆம் நாள் ஊசிதான் பாக்கி.