லேப்டாப் சூடு: எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும்?

மே மாதம் பிறந்தால் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "லேப்டாப் 90 டிகிரி காட்டுது, கெட்டுப்போயிடுமா?" கோர் டெம்ப் போன்ற ஏதோ ஒரு மென்பொருளை நிறுவி, அது காட்டும் எண்ணைப் பார்த்துக் கலங்கிப்போனவர்கள் இவர்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. இப்போது என்ன வேலை ஓடுகிறது, அறை எவ்வளவு சூடாக இருக்கிறது, இதே வேலைக்கு இதே லேப்டாப் முன்பு எவ்வளவு காட்டியது ஆகிய மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

பொதுவான கணக்கு ஒன்று உண்டு. திறந்து வைத்துச் சும்மா விட்டிருந்தால் 40 முதல் 50 டிகிரி, மின்னஞ்சலும் தட்டச்சும் என்றால் 50 முதல் 70, வீடியோ எடிட்டிங்கோ பெரிய கேமோ ஓடினால் 80 முதல் 95 வரை போகலாம். இன்டெல் கோர் ஐ7 12700எச் பிராசஸருக்கு அதன் தயாரிப்பாளர் விதித்த உச்சவரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7 5800எச்சுக்கு 105. அந்த வரம்பைத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து அணைந்துவிடும்.

ஒரு மென்பொருளைத் திறந்ததும் எண் 90-க்குத் தாவி, சில நொடிகளில் இறங்குவதும் கோளாறு அல்ல. அதே 12700எச் அடிப்படையில் 45 வாட் பிராசஸர். தேவைப்படும்போது குறைந்த நேரத்துக்கு 115 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. வேலையைச் சீக்கிரம் முடிக்கத்தான் அந்தத் தாவல்.

வரம்பைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் தற்காப்பு எல்லாப் பிராசஸர்களிலும் எப்போதும் இருந்ததில்லை. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணைய இதழ், கேம் ஓடிக்கொண்டிருந்த மேசைக் கணினிகளில், பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கைக் கழற்றிச் சோதித்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு கேமைத் தொடர்ந்து ஓட்டியது. ஏஎம்டியின் அத்லான் கண்ணிமைக்கும் நேரத்தில் கருகியது. இன்றைய பிராசஸர்கள் அப்படிக் கருகுவதில்லை. சூடு மிஞ்சினால் நாம் இழப்பது வேகம். 2018-இல் வந்த கோர் ஐ9 மேக்புக் ப்ரோ கடுமையான வேலையில் மந்தமானபோது, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஃபர்ம்வேரில் குறை இருந்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அதே ஜூலையில் அப்டேட் மூலம் சரிசெய்தது. பயாஸ், ஃபர்ம்வேர் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது அறை. மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் வேலூரில் வெளியே 40-ஐத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை இரவிலும் தணியாது. அந்தச் சூடான காற்றை உறிஞ்சித்தான் ஃபேன் பிராசஸரைக் குளிர்விக்கிறது. அறை 12 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறத்தாழ அதே அளவு கூடும். ஜனவரியில் 76 காட்டிய லேப்டாப் அதே வேலைக்கு மே மாதத்தில் 88 காட்டினால், அதன் உடல்நலத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

சூட்டில் உண்மையாகவே பாழாவது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரியை 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜுடன் ஓராண்டு வைத்தால் ஏறத்தாழ 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில் முழு சார்ஜுடன் வைத்தால் மிஞ்சுவது சுமார் 65 சதவீதம்தான். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை அவசியம் போட்டுவையுங்கள். லெனோவோ, ஆசுஸ், டெல் ஆகியவற்றின் பல மாடல்களில் அது உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விட்டுச் செல்லவே கூடாது.

சூடு என்று யார் சொன்னாலும் நான் முதலில் திறப்பது டாஸ்க் மேனேஜரை. பின்னணியில் ஆன்டிவைரஸ் ஸ்கேனோ பிரவுசரின் ஏதோ ஒரு டேபோ பிராசஸரைத் தின்றுகொண்டிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். அடுத்து, லேப்டாப்பை எதன் மேல் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். மெத்தையும் தலையணையும் அடிப்பக்கக் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். கெட்டியான பலகையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தினாலே போதும். கூலிங் பேட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மடியும் வேண்டாம். தினமும் பல மணி நேரம் லேப்டாப்பைத் தொடையில் வைத்து கேம் ஆடிய 12 வயதுச் சிறுவனுக்கு இடது தொடைத் தோல் நிறம் மாறியதை, 2010-இல் சுவிஸ் மருத்துவர்கள் மருத்துவ இதழில் பதிவுசெய்தார்கள்.

விண்டோஸில் இன்னொரு வழியும் கைகொடுக்கும். பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் அதிகபட்ச அளவை 100-இலிருந்து 99 சதவீதமாக்கினால், பல இன்டெல் லேப்டாப்களில் டர்போ, அதாவது மேலே சொன்ன திடீர்த் தாவல், நின்றுவிடும். வேகம் கொஞ்சம் குறையும். சூடு நன்றாகவே குறையும்.

இத்தனைக்குப் பிறகும் வெறும் வீடியோ அழைப்புக்கே 90-ஐத் தாண்டினால் தூசியைச் சந்தேகிக்கலாம். நான் பார்த்த பழைய லேப்டாப்கள் பலவற்றில் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. வெளியிலிருந்து ஊதினால் அது முழுதாக வராது. அடிமூடியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். காற்றடிக்கும்போது ஃபேன் தாறுமாறாகச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் ஓடிய லேப்டாப் என்றால், திறக்கும்போதே பிராசஸர் மீது பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லலாம். சுத்தம் செய்தபின் ஒரே வீடியோவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அறையின் சூட்டையும் லேப்டாப் காட்டும் எண்ணையும் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட அந்தக் குறிப்பு உதவும்.

ஒரே ஓர் அறிகுறிக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாமல் போனாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ முயலாமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, பேட்டரியை மாற்றிய பிறகே மறுபடி இயக்குங்கள்.