நானோவுக்குப் போக எந்தப் படிப்பு?

பிளஸ் டூ படிக்கும் என் மகள், கார்பன் நானோ பொருள்களில் விஞ்ஞானியாக வேண்டும் என்கிறாள். 'நானோ டெக்னாலஜி' என்று பெயர் போட்ட பட்டப்படிப்பில்தான் சேர்க்க வேண்டுமா?
– வாசகர், திருக்கழுக்குன்றம்

வேண்டியதில்லை. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான புலிக்கல் அஜயன், கொடுங்கல்லூரில் பிறந்தவர். 1985இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அவர் முடித்தது உலோகவியல் பி.டெக். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டு, ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்துக்குப் போனார். அங்கே சுமியோ இஜிமா 1991இல் கார்பன் நானோகுழாயை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு அறிவித்தார். மறு ஆண்டே தாமஸ் எப்சனோடு சேர்ந்து, அதைக் கிராம் கணக்கில் தயாரிக்கும் வழியை அஜயன் வெளியிட்டார். 1993இல், தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய அந்தக் குழாய்க்குள் உருகிய ஈயத்தை ஏறவைத்தார். உலோகம் படித்தவருக்கே வரக்கூடிய யோசனை!

இயற்பியல், வேதியியல், மெட்டலர்ஜி, எது பிடிக்கிறதோ அதைத் துணிந்து படிக்கட்டும். பி.எஸ்சி. என்றால், அடுத்து ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். ஆராய்ச்சிக்கு உங்கள் ஊர்ப்பக்கமே கல்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பொருள் அறிவியலுக்கென்றே தனிக் குழு உண்டு. கல்லூரி பார்க்கப் போகும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மாணவர்களையே உட்காரவிடுவார்களா?