லாகின் ஷெல்லை எங்கே தீர்மானிப்பது?

கணக்கு அந்த லினக்ஸ் சர்வரிலேயே இருந்தால், யூசர்மாட் கட்டளையால் ஷெல்லை மாற்றிவிடலாம். எல்டாப்பிலோ ஆக்டிவ் டைரக்டரியிலோ இருக்கும் கணக்குக்கு அது செல்லாது. மாற்ற வேண்டிய இடம் மத்திய டைரக்டரி, அல்லது ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் எஸ்எஸ்எஸ்டி சேவை.

முதலில் டைரக்டரியைப் பாருங்கள். லாகின்ஷெல் என்ற புலத்தை அங்கேயே நிரப்பிவிட்டால் ஆளுக்கேற்ப ஷெல் கொடுக்கலாம், எல்லா சர்வர்களும் அதையே பின்பற்றும். ஃப்ரீஐபிஏ டைரக்டரி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் இயல்பு ஷெல்லை மாற்றினால் இனி உருவாகும் கணக்குகளுக்கே பொருந்தும், பழையவை அப்படியே இருக்கும். சில சர்வர்களில் மட்டும் வேறு ஷெல் வேண்டுமென்றால் அதன் ஐடி வியூ வசதி உதவும்.

ஆக்டிவ் டைரக்டரியில் இந்தப் புலம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அங்கே எஸ்எஸ்எஸ்டியின் டிஃபால்ட்_ஷெல் அமைப்பு போதும். டைரக்டரி எந்த ஷெல்லையும் சொல்லாதபோதுதான் அது தலையிடும்.

ஓவர்ரைட்_ஷெல் அப்படியல்ல. டைரக்டரி என்ன சொன்னாலும் தள்ளிவிட்டு, எல்லாருக்கும் தன் ஷெல்லையே கொடுக்கும். "எல்லாருக்கும் பாஷ் வேண்டும், அவ்வளவுதானே" என்று இதைப் போடுபவர்கள், டைரக்டரியில் மனிதர்கள் மட்டும் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பேக்கப்புக்கும் அப்ளிகேஷன்களுக்குமான சேவைக் கணக்குகள், உள்நுழைய விடாத நோலாகின் ஷெல்லோடு அங்கே இருக்கும். அவற்றுக்கும் பாஷ் கிடைத்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே பொதுவான சர்வர்களில் இதைத் தொட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நேர்மாறான தேவைக்கு இது நன்றாகப் பொருந்தும்: சாம்பா கோப்பு சர்வரில் பயனர்களை அடையாளம் காண வேண்டும், ஆனால் யாரும் உள்ளே வந்து கட்டளை அடிக்கக்கூடாது. அங்கே ஓவர்ரைட்_ஷெல்லில் நோலாகினைக் கொடுங்கள். நிர்வாகிக்கு உள்ளூர்க் கணக்கு ஒன்று இருக்கட்டும்.

இன்னொரு தொல்லை உண்டு. டைரக்டரி ஒருவருக்கு இசட்எஸ்ஹெச் என்கிறது. இந்தச் சர்வரில் அது நிறுவப்படவில்லை. இதற்காக எல்லாருடைய ஷெல்லையும் மாற்றத் தேவையில்லை. எஸ்எஸ்எஸ்டியின் அலவ்டு_ஷெல்ஸ் பட்டியலில் இசட்எஸ்ஹெச்சைச் சேர்த்து, ஷெல்_ஃபால்பேக்கில் பாஷைக் குறிப்பிட்டால் அவர் பாஷில் இறங்குவார். பின்னாளில் இசட்எஸ்ஹெச்சை நிறுவினால் எஸ்எஸ்எஸ்டியை மறுதொடக்கம் செய்யுங்கள்; சர்வரின் ஷெல் பட்டியலை அது தொடங்கும்போது மட்டுமே படிக்கிறது.

எதை மாற்றினாலும் எஸ்எஸ்எஸ்டியை மறுதொடக்கம் செய்து, எஸ்எஸ்எஸ்_கேஷ் கட்டளையால் பழைய தகவலைக் காலாவதியாக்கி, கெட்என்ட் காட்டும் வரியின் கடைசிப் புலத்தைப் பாருங்கள். சாதாரணப் பயனர் ஒருவரோடு நோலாகின் கணக்கு ஒன்றையும் சோதியுங்கள்.